ஈசானி மூலையில் ஒரு வறண்ட குட்டை

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அந்த மஞ்சள் மிஷின் கண்ணில் பட்டது. என் நிலத்தில், ரோட்டை ஒட்டிய மேட்டில், கையை நீட்டி மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.

என் இடது மணிக்கட்டில் புத்தூர்க் கட்டு. அப்போதுதான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். முட்டையும் பச்சிலையும் கலந்த வாடை, மூங்கில் பட்டையின் இறுக்கம், ஆட்டோ குலுக்கிய குலுக்கல் என்று ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். மிஷினைப் பார்த்ததும் வலி போன இடம் தெரியவில்லை.

“யோவ், நிறுத்துய்யா! யாரைக் கேட்டு இங்க தோண்டிக்கினு கீற?”

டிரைவர் தெலுங்குப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டது என் மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. பள்ளத்தின் ஓரத்தில் உடைத்த தேங்காயோடு நின்றிருந்தார். காலடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு, குங்குமம், நசுங்கிய எலுமிச்சம்பழம். என் நிலத்தில் எனக்குத் தெரியாமல் பூஜையே முடிந்திருக்கிறது.

“நான்தாம்மா சொன்னேன். ஈசானி மூலை. தண்ணிக்கு இதை வுட்டா வேற எடம் இல்ல” என்றார்.

“குட்டை கீழ் மூலையில இல்ல மாமா? அந்தப் பொண்ணு சுண்ணாம்பு போட்டுட்டுப் போச்சே!”

“அது நைருதிம்மா. கன்னி மூலை. அங்க பள்ளம் எடுத்தா வீட்டு ஆம்பளைக்கு ஆவாது. என் தம்பி ஒருத்தன்தான் எனக்கு.”

“இது மேடு மாமா. தண்ணி மேல ஏறி வருமா?”

“வர வேண்டிய நேரத்துல வரும்” என்றார், மிக நிதானமாக.

ஒரு கை கட்டில் இருந்ததால் மற்றொரு கையை மட்டும் நீட்டிக் கத்தினேன். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது.

ஏன் இத்தனை கோபம்?

போன வாரம் இந்தப் பகுதியில் வந்த, நான் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டுத் திருத்தணியிலிருந்து ஒரு வாசகர், “உங்களுக்கு ஏன் அம்மா எதற்கெடுத்தாலும் கோபம்?” என்று கேட்டிருந்தார். ஐயா, இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் நிலம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. வடகிழக்கே மலை. அங்கிருந்து சரிந்து சரிந்து தென்மேற்கில் போய் முடியும் செம்மண் பூமி. மேலே மாமரங்கள், கீழே வேர்க்கடலை, நடுவில் ஒரு கிணறு. என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் லேத் பட்டறையில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வந்து, ஞாயிறு துணி துவைத்து எடுத்துக்கொண்டு, திங்கள் விடிவதற்குள் போய்விடுவார். உழுவது, விதைப்பது, களை எடுப்பது, கூலிக்காரர்களிடம் வாய்ச்சண்டை போடுவது எல்லாம் நான். நிலத்தின் பட்டா பாஸ் புத்தகத்தில் பெயர் மட்டும் அவருடையது.

ஐப்பசி மழை எங்கள் பக்கம் வந்தால் கொட்டும். கொட்டிய தண்ணீர் நிலத்தில் நிற்பதே கிடையாது. ரத்தம் மாதிரி சிவந்து, என் மேல்மண்ணையும் போட்ட எருவையும் வாரிக்கொண்டு கீழ் மூலை வழியாக ஓடைக்குப் போய்விடும். மாசி முடிவதற்குள் கிணற்றில் வாளி தரையைத் தட்டும். வருஷா வருஷம் இதே கதைதான்.

தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புல் மூடியிருந்ததால் தெரியாமல் அதில்தான் கால் வைத்து விழுந்தேன். மணிக்கட்டுக்கு வந்த கேடு அது.

போன கோடையில் கிணறு வற்றியபோது என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார். “வர்ற கோடையும் இப்படியே வத்துனா, பிளாட் போடறவன்கிட்ட பேசிடலாம்மே. எத்தனை நாளைக்கு நீயும் மண்ணோட மல்லுக்கட்டுவ?” கரிசனத்தோடுதான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஆக, எனக்கு இருந்தது ஒரு மழைக்காலம். அதற்குள் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் அடுத்த வருஷம் என் வேர்க்கடலைக் கொல்லையில் கலர் கொடி கட்டி, நம்பர் போட்ட கல் நட்டுவிடுவார்கள்.

சும்மா வந்த யோசனை

ஊர் விவசாய ஆபீசுக்கு ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். பிரசாந்தி என்று பெயர், பாகாலாக்காரி. விதைக்குப் பெயர் பதிய நான் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “மண்ணையும் தண்ணியையும் நிறுத்த ஒரு பிளான் போட்டுத் தரேன்க்கா. அதுக்குக் காசு இல்ல” என்றாள்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் தூறலில் நனைந்துகொண்டே வந்து நின்றாள். தோளில் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், கையில் இரண்டு குச்சி, ஒரு பை சுண்ணாம்பு.

“அக்கா, வான வந்தா நீள்ளு எந்தப் பக்கம் போவுது? மொதல்ல அதைக் காட்டுங்க.”

மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்கிறாள். இத்தனை வருஷத்தில் என் நிலத்தைப் பார்க்க வந்தவர்கள் சர்வே நம்பர் கேட்டிருக்கிறார்கள், பாஸ் புத்தகம் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவள் இவள்தான்.

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினாள். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் குச்சிகளில் கட்டி, ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே அளவில் நின்றால் இரண்டு இடமும் ஒரே மட்டம். அங்கே ஒரு பிடி சுண்ணாம்பு. அப்படியே அடுத்த இடம். சாயங்காலம் வரைக்கும் நடந்தோம். சேறு அவள் முழங்கால் வரை ஏறியிருந்தது. கடைசியில் திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்புக் கோடு கோணல்மாணலாக வளைந்து கிடந்தது.

“இன்னாம்மா இது? வரப்புன்னா நேரா இருக்க வேணாமா?”

“உங்க பழைய வரப்பு நேராதான் கீதுக்கா. அதனாலதான் நீள்ளு அதை ஒட்டியே ஓடி நிலத்தை அறுத்துக்கினு போவுது. மட்டத்துல போட்டா நிக்கும். நின்னா உள்ள எறங்கும். உள்ள எறங்குனா கிணத்துக்கு வரும்.”

வரப்புகளில் நிற்காமல் மிஞ்சி வரும் தண்ணீரைப் பிடிக்கத் தென்மேற்கு மூலையில் ஒரு குட்டை. நிரம்பி வழிந்தால் கரை உடையாமல் போகக் கல் அடுக்கிய வாய். அவ்வளவுதான் திட்டம். அரசாங்கச் செலவிலேயே குட்டை தோண்டித் தருவார்கள் என்றாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்துவிட்டு, ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

காசு வாங்காமல் ஒருத்தி சொல்லிவிட்டுப் போன யோசனை. அதுதான் அதற்குப் பெரிய குறையாகிவிட்டது. “சும்மா சொன்னதுதானே” என்றார் மூத்தார். திருப்பதியிலிருந்து வாஸ்து பார்க்கிறவர் ஒருவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நிலத்துக்குள் காலே வைக்கவில்லை. காரிலிருந்து இறங்கி, ரோட்டில் நின்று, செல்போனில் திசையைப் பார்த்து, இடம் சொல்லிவிட்டார். கோழி அடித்துச் சாப்பாடு, வெற்றிலைப் பாக்கில் மடித்துத் தட்சணை, போகும்போது ஒரு கூடை மாம்பழம். அந்த மாம்பழமும் என் மரத்துப் பழம்!

ஈசானிப் பைத்தியம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த மூலைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது காது கொடுத்தால் போதும், ஆக்னேயம், வாயவ்யம், நைருதி என்று பேச்சு ஓடும். வீட்டுக்குப் பார்த்தார்கள், சரி. அப்புறம் மாட்டுக் கொட்டகைக்குப் பார்த்தார்கள். இப்போது கொல்லைக்கும் வந்துவிட்டது.

என் மாமனார் இருந்தபோது ஈசானி மூலையில் போர் போட்டார். புழுதிதான் வந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஈசானியிலேயே போட்டார். மறுபடியும் புழுதி. “எடம் சரிதான், நம்ம நேரம் சரியில்ல” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் இடத்தின் மேல் சந்தேகமே வரவில்லை.

வாஸ்துப்படி வடகிழக்கு பள்ளமாகவும் தென்மேற்கு மேடாகவும் இருக்க வேண்டுமாம். எங்கள் வடகிழக்கில் ஒரு மலையே உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தச் சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

எங்கள் ஊர் ஏரி எங்கே இருக்கிறது தெரியுமா? ஊருக்குத் தென்மேற்கே. அந்தக் காலத்தில் வெட்டியவர்கள் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து வெட்டினார்கள். அதில் குளித்து, அந்தத் தண்ணீரில் நெல் விளைத்துத் தின்று, ஊரில் எத்தனையோ ஆண்கள் பல் விழுந்து கிழவர்களாகித்தான் செத்தார்கள். இதை மூத்தாரிடம் சொன்னேன்.

“அது ஊர் பொதுவும்மா. பங்கு பிரிஞ்சு போயிடும்” என்றார். தோஷத்துக்குக்கூடப் பாகப்பிரிவினை!

ஒரு நிலத்துக்கு ஒரு குட்டை

சரி, மிஷின் நின்ற இடத்துக்கு வருகிறேன். ரேணிகுண்டாவுக்குப் போன் போட்டேன். பின்னால் லேத் இரைச்சல்.

“அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்றாரும்மே. வுடு” என்றார் என் வீட்டுக்காரர்.

“கிணறு வத்துனா விக்கலாம்னு சொல்றதும் நீங்கதான். தண்ணி நிக்கற எடத்துல குட்டை வேணாம்னு சொல்றதும் நீங்கதான். அப்போ நான் இன்னாதான் பண்றது?”

போனை வைத்துவிட்டேன்.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்த ஆளிடம் போனேன். பிளான் கீழ் மூலைக்கு, தோண்டுவது மேல் மூலையில் என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எங்க இருந்தா என்ன மேடம்? ரோட்டுப் பக்கமா இருந்தா எங்களுக்கும் போட்டோ எடுக்க ஈஸி” என்றார். மதியத்துக்குள் பள்ளம் முடிந்தது. நீல எழுத்தில் ஒரு பலகை நட்டார்கள். மூத்தாரை ஓரமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் கையில் மண்வெட்டி வேறு கொடுத்தார்கள். அவர் மண்வெட்டி பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் பிரசாந்தியைப் பிடித்துக்கொண்டேன். “சேத்துல நடந்து நடந்து கோடு போட்டியே, மாத்தறப்போ வாயைத் திறந்தியா?” என்று கேட்டேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “சொன்னேன்க்கா. வாஸ்துன்னு சொன்னா எங்க சார் கூட எதிர்த்துப் பேச மாட்டாரு. அவரே வாஸ்துன்னு வீட்டு பாத்ரூமை இடிச்சு மாத்திக் கட்டினவரு. ஒரு நிலத்துக்கு ஒரு குண்டதான். மறுபடி கேக்க முடியாது.” குண்ட என்றால் அவள் தெலுங்கில் குட்டை.

எனக்கு அங்கேயே ஒரு நாற்காலியைத் தூக்கி உடைக்க வேண்டும் போலிருந்தது. கோளாறு செய்தவர்கள் யாரும் நஷ்டப்படப் போவதில்லை. மூத்தாருக்கு மனத்திருப்தி, வாஸ்துக்காரருக்கு மாம்பழம், ஆபீசுக்குப் போட்டோ. மழை வந்தால் மண் போவது எனக்கு. கிணறு வற்றினால் நிலம் போவதும் எனக்கு.

புறப்படும்போது பிரசாந்தி வாசல் வரைக்கும் வந்தாள். “அக்கா, குண்டதான் முடிஞ்சுபோச்சு. வரப்பு வேலை இன்னும் பாக்கி இருக்கு. நூறு நாள் வேலைக்காரங்க வந்து போடுவாங்க. வரப்பு போட மண்ணு வேணும் இல்ல? மண்ணை எந்த மூலையில எடுக்கணும்னு ரூல் எதுவும் இல்லக்கா.”

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன்.

மங்கம்மாவின் மண்வெட்டி

புரட்டாசியில் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். பிரசாந்தியும் டியூபோடு வந்து, மழையில் கரைந்த சுண்ணாம்புக் கோட்டை மறுபடி போட்டுக் கொடுத்தாள். அதற்கும் காசு கிடையாது. கீழ் மூலையைக் காட்டி, “மண்ணு இங்க எடுங்க” என்றேன். ஒருத்தியும் நகரவில்லை.

“கன்னி மூலையாச்சேக்கா” என்றாள் ஒருத்தி. “எங்க வீட்டுக்காரரு டிரைவரு. தெனம் மெட்ராஸ் ரோட்டுல போய் வராரு. நான் கை வைக்க மாட்டேன்.” இன்னொருத்தி புருஷன் ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை. அவளும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு நானே மண்வெட்டியை எடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து மங்கம்மா வந்தாள். புருஷனை இழந்தவள். அவளை எந்தக் காரியத்துக்கும் யாரும் முன்னால் நிற்கவிட்டது கிடையாது. விதைப்பு அன்றைக்குக்கூட, ஆரம்பித்த பிறகு வா என்பார்கள்.

“குடுக்கா இப்படி” என்று என் கையிலிருந்து பிடுங்கினாள். “ஆம்பளை இருக்கறவங்க பயப்படுங்க. எனக்கு இன்னா? எமன் வந்து தூக்கிக்கினு போவ எங்க வீட்டுல யார் கீறா?”

முதல் கொத்து அவளுடையது. அவளைப் போலவே இருந்த இன்னும் சில பெண்களும் இறங்கினார்கள். மற்றவர்கள் கூடையில் மண் சுமந்தார்கள், சுமப்பதில் தோஷம் இல்லையாம். ஊர் எதற்கும் ஆகாது என்று ஒதுக்கி வைத்தவர்கள் தோண்டத்தான் என் குட்டை உருவானது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மூத்தார் வந்து வரப்பில் நின்று கத்தினார். “தாலி கட்டினவன் மேல பயம் இல்லயாம்மா உனக்கு?” அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. மங்கம்மா சொன்னாள்: “குட்டை இல்ல சாமி. வரப்புக்கு மண்ணு எடுக்கறோம்.” அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

முதல் மழை

ஐப்பசி மழை ஒரு வெள்ளிக்கிழமை பிடித்தது. மறுநாளும் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் ஓய்ந்தபோது என் வீட்டுக்காரர் பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார். தோண்டியதிலிருந்து அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்; குட்டை நிரம்பியதை அண்ணன் போனில் சொல்லியிருப்பார்.

மேல் மூலைக் குட்டையின் அடியில் ஒரு குடம் தண்ணீர் இருந்தால் அதிகம். கோணல் வரப்புகளுக்குப் பின்னால் தண்ணீர் நின்று நின்று, மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வேர்க்கடலைச் செடி ஒன்றுகூட வேரோடு போகவில்லை. கீழ் மூலைக் குட்டை விளிம்பு வரைக்கும் நிரம்பி, கல் வாய் வழியாக மண் தெளிந்த தண்ணீராக வழிந்தது. கிணற்றில் அப்போதே இரண்டு படி மூழ்கியிருந்தது.

கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்புறம், “பிளாட்காரன் கோடையில வரேன்னு சொல்லிக்கினு இருந்தான். வர வேணாம்னு சொல்லிடறேன்” என்றார்.

அவர் குட்டைக் கரையில் குந்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“ஏம்மே, இதைத் தோண்டறப்போ எனக்கு எதுனா ஆயிடும்னு உனக்குத் தோணவே இல்லயா?”

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மலை, சரிவு, ஊர் ஏரி என்று மூத்தாரிடம் அடுக்கிய நியாயம் ஒன்றும் என் வாயில் வரவில்லை.

“தோணாமயா? மண்வெட்டி வெச்ச நாள்லேர்ந்து தெனம் மத்தியானம் போன் பண்ணி, துன்னீங்களா துன்னீங்களான்னு கேட்டேனே. சோத்துக்காகவா கேட்டேன்?”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து வந்து என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆத்திரத்தில் அழுதேன், ஐயா. தண்ணீருக்குத் திசை கிடையாது, பள்ளம்தான் உண்டு என்று நன்றாகத் தெரிந்த என்னையே அந்தப் போனை அவர் எடுக்கும் வரைக்கும் இந்த மூலை பார்க்கிறவர்கள் தினமும் நடுங்க வைத்தார்கள்.